மொட்டை மாடி சோலார்: முதலில் ஈபி பில்லை எடுத்து வையுங்கள்

கேட்டவர் மடிப்பாக்கத்துக்காரர். தனி வீடு, மேலே காலி மொட்டை மாடி. இரண்டு மாதத்துக்கு 900, 1000 யூனிட் ஓடுகிறது. ஈபி இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறது. அவர் கேட்டது மூன்று: சோலார் போட்டால் போட்ட பணம் திரும்ப வருமா? கரண்ட் போனால் வீட்டில் விளக்கு எரியுமா? இத்தனை வெயில் அடிக்கும் ஊரில், குஜராத், கேரளம் அளவுக்கு ஏன் மாடிக்கு மாடி பேனல் இல்லை?

மூன்றாவது கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்விக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

தமிழ்நாட்டில் சோலார் போடலாமா என்பதைத் தீர்மானிப்பது வெயிலும் இல்லை, மானியமும் இல்லை. மின்கட்டண ஸ்லாப்தான், அதாவது யூனிட் கூடக் கூட விலை ஏறும் கட்டணப் படி. இங்கே வீட்டு இணைப்பு எல்லாவற்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்குள் நிற்கிறவர்களுக்கு 101 முதல் 200 வரை பாதி விலை. 400 வரை ஐந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடுகிறது, அதற்கு மேல் போகும் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். 600 தாண்டினால் ஒன்பதுக்கு மேல், 800 தாண்டினால் பத்துக்கு மேல், 1000 தாண்டினால் பதினொன்றுக்கு மேல். படிக்கட்டு மாதிரி இல்லை, கீழே சாய்தளம், மேலே செங்குத்து ஏணி.

இதை மூன்று வீடுகளுக்குப் போட்டுப் பாருங்கள். 200 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு இரண்டு மாத பில் இருநூற்றுச் சொச்சம். அங்கே போய் சோலார் பற்றிப் பேசினால் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்கள், அது நியாயமும்கூட. 400 யூனிட் வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாயை ஒட்டி வரும். 1 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 240 யூனிட் வரை கிடைக்கும், மிச்சம் 160 யூனிட், பில் 150 ரூபாய்க்குள் இறங்கும். ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் மிச்சம். மானியம் போகக் கையில் இருந்து 45,000, 50,000 போட்டிருப்பார்கள் என்றால் எட்டு வருடம் ஆகும். தப்பில்லை, ஆனால் அவசரமும் இல்லை.

உங்கள் வீடு மூன்றாவது ரகம். 1000 யூனிட்டுக்கு பில் ஏழாயிரத்தைத் தொட்டு நிற்கும். சென்னையில் ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. 3 கிலோவாட்டுக்கு நாளுக்கு 12, இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். ஆயிரத்தில் இதைக் கழித்தால் 280. பில் அறுநூறு, எழுநூறு ரூபாய். கவனித்தீர்களா, சோலார் கழிப்பது பில்லின் அடியில் இருக்கும் மலிவு யூனிட்டை இல்லை, உச்சியில் இருக்கும் பத்து ரூபாய், ஒன்பது ரூபாய் யூனிட்டை. போதாததற்கு, போயிருந்த பாதி விலைச் சலுகையும் திரும்பி வந்துவிடுகிறது. ஆண்டுக்கு 35,000 ரூபாய் சுமார் மிச்சம். 3 கிலோவாட்டுக்கு இப்போது பொதுவாகச் சொல்லும் விலை 1.8 லட்சத்தில் இருந்து 2.1 லட்சம் வரை, மானியம் 78,000. மூன்றரை, நான்கு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். பில்லில் வேறு சின்னச் சின்னக் கட்டணம் சேரலாம், அதற்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள்.

ஆக, இதே ஊரில் இதே வெயிலில், ஒருவருக்கு நான்கு வருடம், பக்கத்து வீட்டுக்காரருக்கு எட்டு வருடம், எதிர் வீட்டுக்காரருக்கு எந்தக் காலத்திலும் கட்டுப்படியாகாது. கேரளத்தில் எல்லா வீட்டுக்கும் 100 யூனிட் இலவசம் என்ற ஏற்பாடு கிடையாது, குஜராத்திலும் கிடையாது. அங்கே நடுத்தர வீட்டுக்குக்கூடக் கணக்கு ஒத்துவருகிறது. குஜராத்தில் 2019-லேயே மாநில அரசின் வீட்டு சோலார் திட்டம் சூடு பிடித்துவிட்டது. இங்கே அரசு ஒரு கையால் பேனலுக்கு மானியம் கொடுக்கிறது, இன்னொரு கையால் பேனலே தேவைப்படாத அளவுக்கு மின்சாரத்தை மலிவாகக் கொடுக்கிறது. இலவச யூனிட்டை நான் குறை சொல்லவில்லை. வாடகை வீட்டில் ஒரு ஃபேன், ஒரு டிவி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் அதன் விளைவு இது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு விஷயம், மின்வாரியத்தின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். பத்து ரூபாய், பதினொரு ரூபாய் கொடுத்து வாங்கும் வீடுகள்தான் அதற்கு லாபமான வாடிக்கையாளர்கள். மாடியில் பேனல் ஏறுவது முதலில் அந்த வீடுகளில்தான். பகலில் நம்மிடம் யூனிட்டை வாங்கிக்கொண்டு, இரவில் ஏசி ஓட்டும் நேரத்தில் அதே யூனிட்டைத் திருப்பித் தர வேண்டும். அந்த இரவு யூனிட்டை அது சந்தையில் சமயத்தில் பத்து ரூபாய் உச்சவரம்பு விலைக்கு வாங்கியிருக்கும்.  கோடை இரவுகளில் நம் மாடிப் பேனல் அதற்கு எந்த உதவியும் செய்வதில்லை. வாரியம் சோலாரை ஆசையோடு தூக்கிப் பிடிக்காததற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை.

கொள்கையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2012-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையில் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு, வெளியூர்களில் அதைவிடப் பல மடங்கு. அந்த வருடம்தான் மாநிலத்தின் முதல் சூரிய சக்திக் கொள்கை வந்தது. 2015-க்குள் 3,000 மெகாவாட் என்றார்கள், பக்கத்தில்கூடப் போகவில்லை. 2013-இல் நெட் மீட்டரிங் ஆணை வந்தது: கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டில் கழித்துக்கொள்ளலாம். 2019-இல் புதுக் கொள்கை, 2023-க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் நுகர்வோர் தரப்பில் இருந்து என்று இலக்கு. அதே வருடம் நெட் மீட்டரிங்கை எடுத்துவிட்டு, நாம் அனுப்பும் யூனிட்டுக்கு ஒரு தனி, குறைந்த விலை என்று மாற்றினார்கள். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் ஏசி போடும் வீட்டுக்கு இது சுத்த நஷ்டம். போட நினைத்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 2021 அக்டோபரில் ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு மீண்டும் நெட் மீட்டரிங்கைக் கொண்டுவந்தது. இருபத்தைந்து வருடம் உழைக்கப் போகும் பொருளை வாங்குகிறவன், விதி இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாறுவதைப் பார்த்தால் என்ன செய்வான்? கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்பான்.

இந்த மாநிலத்துக்கு ஒரு காரியத்தை ஊர் முழுக்கச் செய்ய வைக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது சென்னையில் வீட்டுக்கு வீடு குழி தோண்டினார்கள். பேருக்குத் தோண்டியவர்களும் நிறைய, அது வேறு கதை. சோலார் விஷயத்தில் அந்த வேகம் என்றைக்கும் வரவில்லை. இத்தனைக்கும் திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானிலேயே பெரிய பேனல் தொழிற்சாலை ஓடுகிறது.

சரி, இப்போது இருக்கும் திட்டம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பிஎம் சூர்ய கர்'. ஒரு கோடி வீடு இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 2026-27 நிதியாண்டு வரை. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000. அதற்கு மேல் ஐந்து போட்டாலும் எட்டு போட்டாலும் அதே 78,000தான். 'மாதம் 300 யூனிட் இலவசம்' என்று விளம்பரம் செய்வதைப் பார்த்து வாரியம் 300 யூனிட் சும்மா கொடுக்கப் போகிறது என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. 3 கிலோவாட் போட்டால் உங்கள் மாடியே மாதம் 300-க்கு மேல் தரும், அவ்வளவுதான் அதன் பொருள்.

மானியம் உண்மையில் வருமா என்றால், வரும். முன்னால் முழுப் பணத்தையும் நாம் கட்ட வேண்டும், அல்லது வங்கிக் கடன் வாங்க வேண்டும். 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் குறைந்த வட்டியில் பொதுத்துறை வங்கிகள் கொடுக்கின்றன. பேனல் ஏறி, ஈபி ஆள் வந்து பார்த்து, மீட்டர் மாற்றி, திட்டத்தின் இணையதளத்தில் (போர்ட்டல்) எல்லாம் பதிவான பிறகு பணம் நேராக உங்கள் கணக்குக்கு வரும். இதில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, பேனல். உள்நாட்டு செல்லில் உள்நாட்டில் செய்த பேனலாக இருந்தால்தான் மானியம். டீலர்கள் அதை டிசிஆர் பேனல் என்பார்கள். கொஞ்சம் விலை கூட. 'நான்-டிசிஆர் (டிசிஆர் இல்லாத பேனல்) போட்டுத் தரேன் சார், இருபதாயிரம் கம்மி' என்று ஒருவர் சொன்னால், 78,000 போய்விடும் என்பதை அவர் சொல்லாமல் விடுகிறார் என்று அர்த்தம். பில்லில் டிசிஆர் என்று எழுதி வாங்குங்கள், பேனல்களின் சீரியல் எண்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டலில் பதிவான நிறுவனமா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் விஷயமேதான். இணைப்பு அப்பா பெயரில், வங்கிக் கணக்கு உங்கள் பெயரில். முதலில் பெயர் மாற்றத்தை முடியுங்கள். வாரிசுச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, கூடப் பிறந்தவர்களிடம் ஒரு ஆட்சேபணை இல்லாக் கடிதம். சென்னையில் பாதி வீடுகளில் ஈபி கார்டு தாத்தா பெயரில் இருக்கிறது. சோலார் வேலை நின்று போவது பெரும்பாலும் பேனலால் இல்லை, இந்தக் காகிதத்தால். அப்படியே உங்கள் அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும், அதாவது உங்கள் இணைப்புக்கு ஈபி அனுமதித்திருக்கும் கிலோவாட் அளவையும், பாருங்கள். அந்தக் காலத்து இணைப்பு 2 கிலோவாட்டாக இருந்தால், 3 கிலோவாட் சோலாருக்கு அதை உயர்த்தியாக வேண்டும். ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. 2024-இல் மத்திய விதியைத் திருத்தி, 10 கிலோவாட் வரைக்கும் 'இந்த டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா' என்ற ஆய்வே வேண்டாம் என்றார்கள். முன்பு அந்தக் கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று தேடி அலைய வேண்டும்.

இனி மாடிக்குப் போவோம். 3 கிலோவாட்டுக்குப் பேனல் எண்ணிக்கை ஆறுக்குள் முடிந்துவிடும், 300 சதுர அடி போதும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, அதனால் தெற்கு பார்த்து ஏறக்குறைய அதே சாய்வில் வைப்பார்கள். கவனிக்க வேண்டியது நிழல். தண்ணீர் டேங்க், படிக்கட்டு அறை, பக்கத்துத் தென்னை. சாதாரண சோலார் இன்வெர்ட்டரில் (பேனல் தருவதை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) பேனல்களைத் தொடராக இணைத்திருப்பார்கள். ஒரே ஒரு பேனலின் ஓரத்தில் டேங்க் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் அடிவாங்கும். மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடியில் நான் பார்த்தது: மதியம் இரண்டரை வரை உற்பத்தியைக் காட்டும் ஆப்பில் வரைபடம் அழகாக மலை மாதிரி இருக்கும், டேங்க் நிழல் பேனல் வரிசையைத் தொட்டதும் பள்ளத்தில் விழும். ஐநூறு லிட்டர் பிளாஸ்டிக் டேங்க், பிளம்பர் வந்து நான்கடி தள்ளி வைத்தார், பள்ளம் போய்விட்டது. டீலர் வந்து பார்க்கும்போது காலை பதினோரு மணிக்கு வருவார், அப்போது எந்த நிழலும் தெரியாது. நீங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கும் மூன்றரைக்கும் ஏறிப் பாருங்கள். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், அப்போது நிழல் இன்னும் நீளும். பக்கத்து மனையில் பழைய வீட்டை இடிக்கப் போகிறார்களா என்றும் விசாரியுங்கள். மூன்று மாடி எழுந்தால் உங்கள் பேனலுக்கு மாலை வெயில் கிடையாது.

துணி காயப்போட, வடகம் பிழிய மாடி வேண்டும் என்று வீட்டில் சொன்னால் ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி ஸ்ட்ரக்சர் போடலாம். கூடுதல் செலவு, ஆனால் கீழே நிழலும் கிடைக்கும். உயர்த்தினால் காற்றை யோசியுங்கள். கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலையில் சென்னைக்குச் சொல்லியிருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பரில் வர்தா புயல் என்ன செய்தது என்று மரங்களைக் கேட்டால் தெரியும். ஸ்ட்ரக்சர் அந்த வேகத்துக்கு வடிவமைத்ததா என்று எழுத்தில் கேளுங்கள், ஆங்கர் போல்ட் தளத்தை ஓட்டை போட்டால் வாட்டர் ப்ரூஃபிங் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து. கடற்கரை ஓரம் இருப்பவர்கள் துருவைப் பற்றியும் கேட்க வேண்டும், மடிப்பாக்கத்துக்கு அவ்வளவு பயமில்லை.

ஒரு சின்ன விஷயம். போர்வெல் தண்ணீரில் பேனலைக் கழுவாதீர்கள். உப்புக் கறை படிந்து கண்ணாடி மங்கிவிடும். ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வையுங்கள், அதில் உப்பே இருக்காது, இதற்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது. காலையில் கழுவுங்கள், உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் ஊற்ற வேண்டாம்.

மீட்டர் மாற்றிய முதல் வாரம் எல்லோரும் பதறுவது ஒன்று உண்டு. ஆப்பில் 'இன்று 12 யூனிட்' என்று காட்டும், கீழே மீட்டரில் எக்ஸ்போர்ட் 5 தான் ஏறியிருக்கும். ஏழு யூனிட்டை ஈபி முழுங்கிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த ஏழும் பகலில் உங்கள் ஃப்ரிட்ஜும் மோட்டாரும் வாஷிங் மெஷினும் நேராகக் குடித்தது. மீட்டருக்குத் தெரிவது வெளியே போனதும் உள்ளே வந்ததும் மட்டும்தான். அப்புறம், கத்திரி வெயிலில் உற்பத்தி உச்சத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேனல் சூடாக ஆக அதன் திறன் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல அறுவடை. ஐப்பசி, கார்த்திகை மழையில் படுத்துவிடும். மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும், ஆனால் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது மிச்சம் நிற்கும் யூனிட்டுக்கு உங்கள் பத்து ரூபாய் ஸ்லாப் விலை கிடைக்காது. அதனால் 'மாடி காலியாக இருக்கிறதே, ஐந்து போடுங்க சார்' என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். உங்களுக்கு மூன்று போதும். மின்சார கார் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் நான்கைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது கேள்வி: கரண்ட் போனால் எரியுமா? எரியாது. மானியத்தில் பெரும்பாலும் போடும், ஈபி லைனோடு இணைந்தே ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர், ஈபி மின்சாரம் நின்ற அடுத்த நொடி தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மேல் உங்கள் மாடி மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தென்சென்னையில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது மாடியில் பேனல் வைத்திருந்தவர்களும் மெழுகுவர்த்திதான் ஏற்றினார்கள். உங்கள் பக்கம் தண்ணீர் தேங்கும் பகுதி, அது உங்களுக்கே தெரியும். மின்வெட்டுக்கும் வேண்டும் என்றால் பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வேண்டும், அதற்குக் கணிசமாகக் கூட ஆகும், திருப்பி வரும் வருடங்களும் நீளும். என் யோசனை, இப்போது வீட்டில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டர் பேட்டரியையே அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, ஃபேன், வைஃபைக்கு அது தாங்கும். சோலார் இன்வெர்ட்டரை வாங்கும்போது மட்டும் பின்னால் பேட்டரி சேர்க்கக்கூடிய மாடலின் விலையையும் ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். இரவு யூனிட்டுக்கு வேறு விலை என்று ஒரு நாள் இங்கே விதி மாறினால் அன்றைக்கு அது உதவும்.

இதையெல்லாம் படிக்கும் ஃபிளாட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாடி எல்லோருக்கும் பொது, தனியாகப் பேனல் போட இடம் பிரிப்பதற்குள் சண்டை வந்துவிடும். தில்லியில் ஒரே மாடியின் உற்பத்தியைப் பல மீட்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்க 2019-லேயே வழிகாட்டு நெறி போட்டார்கள். அடுக்குமாடியால் நிறைந்த சென்னைக்கு வேண்டியது அதுதான். அதுவரை பொது மீட்டரைப் பாருங்கள். லிஃப்ட் உள்ள குடியிருப்பில் அந்தப் பொது இணைப்புக்கு முதல் யூனிட்டில் இருந்தே எட்டு ரூபாய்க்கு மேல், இலவச 100 யூனிட்டும் கிடையாது. லிஃப்ட், மோட்டார், கார் நிறுத்த விளக்குக்கு சங்கத்தின் பேரில் சோலார் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. எந்த மீட்டரிங் முறை பொருந்தும் என்பதை மட்டும் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள். பகலில் மோட்டாரை ஓட்டும்படி வாட்ச்மேனிடம் சொன்னாலே கணக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரருக்கு இதில் ஆர்வம் வராது. பணம் போடுகிறவர் ஒருவர், பில் குறைவது இன்னொருவருக்கு. அந்த முடிச்சு இங்கே இன்னும் அவிழவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது: இந்த மாதமே பெயர் மாற்றத்துக்கு மனு கொடுங்கள், கூடவே மின்பளு உயர்வுக்கும். அது நடக்கும்போதே மூன்று டீலர்களிடம் 3 கிலோவாட் டிசிஆர் என்று எழுத்தில் விலை வாங்குங்கள். 2025 செப்டம்பரில் சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது, பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் அதைக் கேளுங்கள். ஐந்து வருடப் பராமரிப்பு விலைக்குள் அடங்கியதா என்பதையும் கேளுங்கள். 2027 மார்ச்சோடு திட்டக் காலம் முடிகிறது, கடைசி மூன்று மாதத்தில் எல்லா அலுவலகத்திலும் கூட்டம் இருக்கும்.